ரெண்டும் ஒண்ணு இல்லை தம்பி

சனிக்கிழமை ஹேர் ட்ரையர் வாங்கப் போன கடையில் நடந்ததை அன்று ராத்திரியே கொதிப்போடு இங்கே எழுதி, அரை மணி நேரத்தில் அழித்தும்விட்டேன். அதற்குள் படித்தவர்களுக்கு விஷயம் தெரியும். "விடுங்க, சின்ன விஷயம்" என்று இன்பாக்ஸில் சமாதானம் சொன்னவர்களுக்கு நன்றி. சின்ன விஷயம்தான். அதனால்தான் இன்று நீளமாக எழுதப் போகிறேன்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. சுருட்டை முடிக்கு ஒத்துவருகிற, கைக்கு அடக்கமான விலையில் ஒரு ஹேர் ட்ரையர். காற்றைப் பரப்பிவிட முன்னால் மாட்டுகிற டிஃப்யூசர் கூடவே வருமா, தனியாக வாங்க வேண்டுமா? அந்தத் தம்பி பெட்டியைப் பிரித்து, பட்டையான மூக்கை எடுத்து "இதான் மேடம் டிஃப்யூசர்" என்றார். அது நாஸில் தம்பி என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான் மேடம்." அப்புறம் என் தலையை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்க முடிக்கு ட்ரையரைவிட ஸ்ட்ரெய்ட்னர்தான் நல்லா இருக்கும்."

அதுவரை எனக்குக் கோபமே வரவில்லை. விற்கிற பிள்ளை, அவருக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறார். கூட வந்தவள் சிரித்துக்கொண்டே "அவர் சொல்றதும் சரிதானேடி" என்றாள் பாருங்கள், அங்கேதான்.

சரி, பொருளுக்கு வருகிறேன். ரெண்டும் ஒண்ணு இல்லை. நாஸில் காற்றை நெருக்கி ஒரே கோடாக வேகமாக அடிக்கும். உருளைச் சீப்பை வைத்து இழுத்து முடியை நேராக்க அது வேண்டும். அதையே சுருட்டை முடியில் காட்டினால் சேர்ந்திருக்கும் சுருள்களெல்லாம் இழை இழையாகப் பிரிந்து, குருவிக்கூடு தயார். டிஃப்யூசர் என்பது உள்ளே விரல் மாதிரி முனைகள் நீட்டிக்கொண்டிருக்கிற கிண்ணம். காற்றைப் பல ஓட்டைகள் வழியாகப் பரப்பி மெதுவாக விடும். சுருளை அந்தக் கிண்ணத்தில் உட்காரவைத்து, தலையோடு ஒட்டிப் பிடித்து, முக்கால்வாசி காயும்வரை கை வைக்காமல் இருந்தால் போதும். அந்தக் கை வைக்காமல் இருப்பதுதான் கஷ்டம், அது வேறு விஷயம்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. முடி நனைந்ததும் அதன் புரதமான கெரட்டினுக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுவிடும், காயும்போது திரும்பப் பிடித்துக்கொள்ளும். எந்த வடிவத்தில் காய்கிறதோ, அடுத்த குளியல்வரை அந்த வடிவம்தான். கடைசியில் ஒரு நிமிடம் குளிர்காற்றுப் பட்டனை அழுத்தி ஆறவைப்பதும் இதற்குத்தான்.

அதனால் பெட்டியில் எத்தனை வாட்ஸ் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். அது இழுக்கிற மின்சாரத்தின் கணக்கு. நான் பார்ப்பது சுவிட்சை. காற்றுக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக இரண்டு இருக்க வேண்டும். விலை குறைந்த பலவற்றில் ஒரே சுவிட்ச்தான். 1 என்றால் மெல்லிய காற்றும் இளஞ்சூடும், 2 என்றால் புயலும் நெருப்பும் சேர்ந்தே வரும். நமக்கு வேண்டியது மெல்லிய காற்றும் நடுத்தரச் சூடும். அது ஒரே சுவிட்சில் கிடைக்காது. இரண்டு சுவிட்ச், குளிர்காற்றுப் பட்டன், ட்ரையரின் வாய்க்குப் பொருந்துகிற டிஃப்யூசர். அயனி, டூர்மலின், பீங்கான் பூச்சு என்று பெட்டியில் பெருமையாகப் போடுவதெல்லாம் இருந்தால் இருக்கட்டும், அதற்காக நான் கூடுதல் காசு கொடுக்க மாட்டேன்.

உடனே வருவீர்கள், "சூடு முடியைக் கெடுக்கும், தானாகக் காயவிடு" என்று. 2011-ல் கொரிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ட்ரையரை 5 செ.மீ. பக்கத்தில் பிடித்தபோது 95 டிகிரி செல்சியஸ், 15 செ.மீ. தள்ளிப் பிடித்தபோது 47 டிகிரி. பக்கத்தில் பிடித்ததில் முடியின் மேற்பரப்பு நன்றாகவே அடிவாங்கியது. ஆனால் தானாகக் காயவிட்ட முடியிலும் உள்ளே சவ்வில் சேதம் இருந்தது. 15 செ.மீ. தள்ளி, அசைத்துக்கொண்டே காயவைப்பது அதைவிட மேல் என்றுதான் முடித்திருக்கிறார்கள். ஆக, முடியில் படுகிற சூடுதான் கணக்கு. டிஃப்யூசரைத் தலையோடு ஒட்டிப் பிடிக்கிறோம் என்பதால்தான் மெல்லிய காற்றும் நடுத்தரச் சூடும் கேட்கிறேன். அடர்த்தியான சுருட்டை தானாகக் காய எத்தனை மணி நேரம் ஆகும் என்பது அந்தத் தலையைச் சுமப்பவர்களுக்குத்தான் தெரியும். ஈரக் கழுத்தோடு அரை நாள் உட்கார்ந்து பாருங்கள், பிறகு பேசலாம்.

"நல்லதாக வாங்கு, விலையைப் பார்க்காதே" என்பவர்களுக்கு: நிமிடத்துக்கு 1,10,000 முறை சுற்றுகிற மோட்டார் வைத்த ட்ரையர் 2016-லேயே வந்துவிட்டது, தெரியும். சூட்டை அது அடிக்கடி அளந்து சரிசெய்துகொள்ளும் என்பதும் உண்மை. வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். நான் அடக்கமான விலை என்று சொன்னேன். அந்த வார்த்தை யார் காதிலும் விழாதது ஏன்?

என் பழைய ட்ரையர் ஒருநாள் பாதியில் நின்றுபோனது. செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பின்பக்க வலையைக் கழற்றினால் தூசியும் முடியும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருந்தது. காற்று உள்ளே போக வழியில்லாமல் சூடேறி, உள்ளே இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் தானாகத் துண்டித்திருக்கிறது. பழைய டூத்பிரஷால் தேய்த்து எடுத்து, ஆறவிட்டுப் போட்டேன். ஓடியது. மாதம் ஒருமுறை இதைச் செய்தால் விலை குறைந்ததும் உழைக்கும்.

ஸ்ட்ரெய்ட்னர் யோசனைக்கு வருகிறேன். நான் அதைத் தாண்டியே போய்வந்தவள். முதல் வேலைக்கான நேர்காணலுக்கு முன்னால் ரீபாண்டிங் செய்துகொண்டேன். "கொஞ்சம் நீட்டா வாங்க" என்று ஒருவர் சொன்னதற்காக. அது முடியின் வடிவத்தைப் பிடித்துவைத்திருக்கும் வலுவான டைசல்பைடு பிணைப்பையே ரசாயனத்தால் உடைத்து மாற்றுகிற வேலை, தண்ணீர் பட்டால் திரும்பாது. ஆனால் வேர் அதே வேர். நாலைந்து மாதத்தில் மேலே சுருட்டை, கீழே கம்பி, தலையில் இரண்டு பேர் குடியிருக்கிற மாதிரி. வெட்டி வெட்டி என் முடி எனக்குத் திரும்பி வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு வருடமும் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்தான் சனிக்கிழமை என்னோடு வந்தவள்.

"ட்ரையருக்கு இவ்வளவு பெரிய பதிவா?" என்று கேட்கலாம். கேளுங்கள். பள்ளியிலிருந்து "பரட்டை" என்று கூப்பிட்டவர்கள் யாரும் என்னிடம் நேரம் கேட்டுக்கொண்டு கூப்பிடவில்லை. வேடிக்கைக்குத்தான் சொன்னாள், தெரியும். எல்லோரும் வேடிக்கைக்குத்தான் சொன்னார்கள்.

ட்ரையர் வாங்காமலே வந்துவிட்டேன். அந்த ஒற்றைச் சுவிட்ச் பழசுதான் இன்னும் ஓடுகிறது. அதன் வாயைச் சுற்றி நூல் போட்டு அளந்தேன், 14 செ.மீ. அதாவது விட்டம் கிட்டத்தட்ட 4.5 செ.மீ. இதற்குப் பொருந்துகிற டிஃப்யூசர் யாராவது வைத்திருந்தால் சொல்லுங்கள். நாஸில் என்னிடம் இரண்டு இருக்கிறது.