நியூ ஆர்டர் வெறும் பெயர் மாற்றம் இல்லை

"பாடகர் இறந்ததும் இன்னொரு பாடகரைச் சேர்த்து, ஜாய் டிவிஷன் பெயரை நியூ ஆர்டர் என மாற்றினார்கள்" என்று இந்த இங்கிலாந்து இசைக்குழுவைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை.

1980 மே 18இல் ஜாய் டிவிஷனின் பாடகர் இயன் கர்ட்டிஸ் இறந்தார். குழுவில் ஒருவர் போனால் அந்தப் பெயரை விட்டுவிடுவது என்று நால்வரும் முன்பே பேசிவைத்திருந்தார்கள். அதன்படியே விட்டார்கள். வெளியிலிருந்து பாடகர் யாரும் வரவில்லை. மிஞ்சிய மூவரும் மாறிமாறிப் பாடிப் பார்த்தார்கள். கடைசியில் கிட்டார் வாசித்த பெர்னார்ட் சம்னரே பாடகரானார். புதிதாக வந்தவர் ஜில்லியன் கில்பர்ட், அதே ஆண்டு அக்டோபரில், கீபோர்டுக்கும் கிட்டாருக்கும். 1983இல் வெளியான 'ப்ளூ மண்டே' பாட்டுக்காக, சீக்வென்சரில் (இசைக்குறிப்புகளை வரிசையாகத் தானே இசைக்கவைக்கும் கருவி) அந்த நீளமான நிரலைக் கையால் உள்ளிட்டவர் அவர்தான். அவரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்வது பெரிய அநியாயம்.