சோர்வு நோய் ‘மனசுதான்’ என்பது சரியல்ல

"நாள்பட்ட சோர்வு நோய் எல்லாம் மனசுதான். தினமும் நடையைக் கூட்டினால் போய்விடும், பிரிட்டன் ஆய்வே நிரூபித்துவிட்டது" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள், அண்ணா. அது 2011-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ‘பேஸ்’ என்ற ஆய்வு, உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டுவதும் மனநல ஆலோசனையும் உதவுமா என்று பார்த்தது, 641 பேர் கலந்துகொண்டது. ஆனால் ‘குணமானார்’ என்பதற்கான அளவுகோலைப் பின்னால் தளர்த்திவிட்டார்கள். உடல் இயக்க மதிப்பெண் (நூற்றுக்கு, கூடக்கூட நலம்) 65 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் ஆய்வில் சேரவே முடியும். குணமடைய முதலில் 85 வேண்டும் என்றிருந்தது, அப்புறம் 60 போதும் என்றானது. சேரும்போது 65 இருந்தவர் 60-க்கு இறங்கினாலும் அந்த அம்சத்தில் தேறிவிடுவார்! 2021-இல் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பே, படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைச் சிகிச்சையாகத் தர வேண்டாம் என்றது.

காரணம், உழைப்புக்குப் பிறகு வரும் சரிவு. என் அக்கா தண்டையார்பேட்டையில் இருக்கிறாள். லாரித் தண்ணீர் இரண்டு குடம் மாடிக்கு ஏற்றினால், அன்றைக்கு ஒன்றும் தெரியாது, மறுநாளிலிருந்து இரண்டு மூன்று நாள் படுக்கைதான். தெருவே சோம்பேறி என்றது. யாரோ சொன்னார்கள் என்று ஒரு மாதம் விடாமல் நடந்தாள், கடைசியில் தலைவாரக் கை தூக்க முடியவில்லை.

இதை உறுதிசெய்ய ஒரு ரத்தப் பரிசோதனை இன்னும் இல்லை, உண்மைதான். அதனாலேயே மனநோய் ஆகிவிடாது. 2015-இல் அமெரிக்காவின் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்’ அமைப்பின் அறிக்கையும் இது உடல் முழுவதையும் பாதிக்கும் நோய் என்றே சொன்னது. மனநல ஆலோசனை நோயோடு வாழ உதவலாம், நோயைக் குணப்படுத்தாது. அந்த நடைப்பயிற்சி வரியை மட்டுமாவது எடுத்துவிடுங்கள், அண்ணா.