விளக்கு எரிகிறதா, ஐயா?

(ஆண்டு 2009. தொலைபேசியின் செப்புக் கம்பி வழியாகவே பெரும்பாலான வீடுகளுக்கு இணையம் வந்துகொண்டிருந்த காலம். வட்டாட்சியர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் உதவி மையத்தை அழைக்கிறார். நெடுநேரம் வீணை இசையைக் கேட்ட பிறகு ஒரு பெண் குரல் கிடைக்கிறது.)

பெண்: வணக்கம், ஐயா. தயவுசெய்து மோடத்தை அணைத்து, முப்பது விநாடி கழித்து மீண்டும் போடுங்கள்.

பெரியவர்: என்ன குறை என்று நான் இன்னும் சொல்லவே இல்லையே, அம்மா?

பெண்: எந்தக் குறையாக இருந்தாலும் முதலில் இதைச் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்கு இட்ட உத்தரவு, ஐயா.

பெரியவர்: உத்தரவு என்றால் மறுப்பேது? அணைத்துப் போட்டாயிற்று. இனி என் மனுவைக் கேளுங்கள். 512 கிலோபிட் வேகத்துக்கு மாதம் தவறாமல் பணம் கட்டுகிறேன். நேற்று ஓய்வூதியப் படிவத்தை இறக்கியபோது கணினி 60 என்று காட்டியது. எட்டில் ஒரு பங்குகூட என் கைக்கு வந்து சேரவில்லை. மீதியை இடையில் எடுத்துக்கொள்பவர் யார் என்பதை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.

பெண்: யாரும் எடுக்கவில்லை, ஐயா. திட்டத்தின் வேகம் பிட் கணக்கில் இருக்கிறது. கணினி பைட் கணக்கில் காட்டுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 512ஐ எட்டால் வகுத்தால் 64 வரும். வழிச்சேதாரம் போக 60 வருவது நல்ல வேகம்தான்.

பெரியவர்: விற்கும்போது ஒரு படி, அளந்து கொடுக்கும்போது வேறு படி. போகட்டும். அந்த 60ஆவது நிலைத்து நிற்கிறதா? இப்போது 7 காட்டுகிறது. மத்திய அரசின் 2004ஆம் ஆண்டுக் கொள்கைப்படி, 256 கிலோபிட்டுக்குக் குறைந்தால் அது அகலக்கற்றையே ஆகாது, தெரியுமா?

பெண்: மோடத்தில் டி.எஸ்.எல். என்று எழுதிய விளக்கு, அதாவது இணைய இணைப்பு இருப்பதைக் காட்டும் விளக்கு, எரிகிறதா, ஐயா?

பெரியவர்: காற்றில் வைத்த கார்த்திகை விளக்கைப் போல எரிகிறது, அணைகிறது, மறுபடியும் எரிகிறது.

பெண்: எரியும்போதே உலாவியில் 192.168.1.1 என்று தட்டுங்கள். அது மோடத்துக்குள்ளேயே இருக்கும் பக்கம். அதில் எஸ்.என்.ஆர். மார்ஜின் என்று ஒரு வரி இருக்கும்; கம்பியின் இரைச்சலைத் தாங்க இணைப்புக்கு எவ்வளவு இடம் மிச்சம் என்பதன் கணக்கு அது. அதில் என்ன எண் இருக்கிறது?

பெரியவர்: நான்கு.

பெண்: ஆறு டெசிபலுக்குக் கீழே இறங்கினால் இணைப்பு தள்ளாடும், ஐயா. கம்பியில் இரைச்சல் அதிகமாக இருக்கிறது. எந்த நேரத்தில் இப்படி ஆகிறது?

பெரியவர்: அதற்கென்று பதிவேடே வைத்திருக்கிறேன். மாலையில் என் மகள் தொலைபேசியில் அழைத்தால் விளக்கு அணைகிறது. அவள் பேசி முடித்ததும் எரிகிறது. புகார் சொல்லத் தங்களை அழைத்தால் அணைகிறது. அலுத்துப்போய் வைத்துவிட்டால் எரிகிறது. புகார் கொடுப்பவரின் இணைப்பைத் தாங்களே முடக்குகிறீர்களோ என்ற ஐயம் எனக்கு எழுந்துள்ளதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

பெண்: தாங்கள் இப்போது எந்தத் தொலைபேசியில் பேசுகிறீர்கள், ஐயா?

பெரியவர்: கார்ட்லெஸ்ஸில், கையில் பிடிக்கும் பாகத்துக்குக் கம்பி இல்லாத தொலைபேசியில். அதன் அடிப்பாகம் படுக்கையறையில் இருக்கிறது. எலக்ட்ரீஷியன் சுவரிலிருக்கும் தொலைபேசிப் பெட்டியிலிருந்து நேராக இன்னொரு கம்பி இழுத்துக் கொடுத்தார்.

பெண்: ஸ்ப்ளிட்டர் எங்கே இருக்கிறது?

பெரியவர்: கூடத்தில், மோடத்துக்குப் பக்கத்தில்.

பெண்: குறை அதுதான், ஐயா. பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். இணையம் அதே கம்பியில் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஓடுகிறது. ஒன்றை ஒன்று கெடுக்காமல் பிரிப்பதுதான் ஸ்ப்ளிட்டரின் வேலை. கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே அதை மாட்டி, எல்லாத் தொலைபேசிகளுக்கும் அதற்குப் பிறகுதான் கம்பி கொடுக்க வேண்டும். தங்கள் கார்ட்லெஸ் வடிகட்டியே இல்லாமல் கம்பியில் நேராகத் தொங்குவதால், தாங்கள் பேச எடுத்தவுடன் இணையம் குலைந்துவிடுகிறது.

பெரியவர்: அப்படியென்றால், புகார் செய்வதால்தான் குறையே உண்டாகிறது என்கிறீர்கள்.

பெண்: தங்கள் வீட்டைப் பொறுத்தவரை அப்படித்தான், ஐயா.

பெரியவர்: எங்கள் அலுவலகத்திலும் பொதுமக்களிடம் இதையே ஆண்டாண்டாகச் சொல்லிப் பார்த்தோம்; ஒருவரும் ஏற்கவில்லை.

பெண்: சோதித்துப் பார்த்துவிடலாம், ஐயா. கார்ட்லெஸ்ஸின் தொலைபேசிக் கம்பியைக் கழற்றிவிட்டு, விளக்கு நின்று எரிகிறதா என்று சொல்லுங்கள்.

பெரியவர்: கழற்றினால் பேச்சு அறுந்துவிடுமே, அம்மா! பழைய கருவியை எடைக்குப் போட்டாயிற்று. கைபேசியை என் மனைவி கோயிலுக்கு எடுத்துச் சென்றிருக்கிறார்.

பெண்: பரவாயில்லை, ஐயா. விளக்கு நின்று எரிந்தால், எலக்ட்ரீஷியனை அழைத்து ஸ்ப்ளிட்டரைச் சுவர்ப் பெட்டிக்கு அருகில் மாற்றி, கார்ட்லெஸ்ஸை அதன் 'போன்' துளையில் செருகச் சொல்லுங்கள். பெட்டிக்குள் கம்பி முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால், சுரண்டிவிட்டு இறுக்கி முறுக்கச் சொல்லுங்கள். கழற்றுவதற்கு முன்பு, எங்கள் சேவைக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் அளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பெரியவர்: வேகம் வந்த பிறகல்லவா மதிப்பெண் போட முடியும்?

பெண்: வேகம் வரும்போது தாங்கள் அழைப்பில் இருக்க மாட்டீர்கள், ஐயா.

பெரியவர்: அப்படியானால், மதிப்பெண் பரிசீலனையில் உள்ளது என்று குறித்துக்கொள்ளுங்கள்.