அவள் கேட்டாள், அதற்குப் பெயர் சிபாரிசு இல்லை

நேற்று எதுவும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். கோபத்தில் எழுதினால் வார்த்தை தடித்துவிடும். ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் அந்தக் கமெண்டுகளுக்கு லைக் விழுந்துகொண்டே இருந்ததைப் பார்த்த பிறகு தூக்கம் பிடிக்கவில்லை. எந்தப் பதிவு என்று தனியாகச் சொல்ல வேண்டாம். உங்களில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தீர்கள்.

ஒரு பெண் தனக்கு வேலை கிடைத்ததைச் சொல்கிறாள். எதையும் ஒளிக்காமல் சொல்கிறாள். இதே நிறுவனம் என்னை இரண்டு முறை வேண்டாம் என்றது. இரண்டாவது முறை இன்டர்வியூ எடுத்தவருக்கே மெயில் எழுதி, எங்கே குறை என்று கேட்டேன். அவர் சொன்னதை உட்கார்ந்து படித்தேன். சில மாதங்களுக்கு ஒருமுறை, இப்போது இதைச் செய்துகொண்டிருக்கிறேன் என்று இரண்டு வரி அனுப்பினேன். அவர் வேறு பிரிவுக்கு மாறிப் போனார். அங்கே ஆள் தேவைப்பட்டபோது கூப்பிட்டார். மறுபடி தேர்வு எழுதினேன், கிடைத்தது. இவ்வளவுதான் அவள் எழுதியது.

அதற்குக் கீழே நீங்கள் எழுதியது: "ஆள் பிடிச்சு வாங்கின வேலை." "சிபாரிசுன்னு நேரடியா சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே." நான் பல வருஷமாக மதிக்கிற ஒருவர், "திறமை இருக்கிறவன் யாரையும் தேடிப் போக மாட்டான்" என்று எழுதியிருந்தார். அதற்குத்தான் அதிக லைக்.

அந்த ஒரு வரிதான் என்னை எழுத வைக்கிறது.

திறமை இருக்கிறவன் தேடிப் போக மாட்டானா? ராமானுஜனை விடத் திறமைசாலியாக ஒருவரைக் காட்டுங்கள். கல்லூரித் தேர்வில் தோற்றவர், கையில் பட்டம் இல்லை. 1910 வாக்கில் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசுவாமி ஐயரைத் தேடிப் போனார். ஏன் அவரை? பின்னாளில் இந்தியக் கணிதக் கழகம் என்று ஆன அமைப்பை 1907-இல் தொடங்கியவர் அவர். ராமானுஜன் கேட்டது கணித உதவி கூட இல்லை, அவர் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த ராமசுவாமி ஐயர் வேலை கொடுக்கவில்லை. வருவாய்த் துறையின் கடைசிப் படியில் உட்கார வைத்து இந்த அறிவை நசுக்க மனம் வரவில்லை என்று பின்னால் சொல்லியிருக்கிறார். வேலைக்குப் பதிலாகச் சென்னையில் இருந்த தன் கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

கேட்ட வேலை கிடைக்கவில்லை. கையில் இருந்தது அறிமுகக் கடிதம் மட்டும். அதை வைத்துக்கொண்டு அடுத்தவரைப் பார்த்தார், அவர் இன்னொருவரிடம் அனுப்பினார். கடைசியில் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். அவருக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை. ஒரு நண்பர் விடாமல் மறுபடி பேசிய பிறகுதான் திரும்பப் பார்த்தார், பிறகு மாதாமாதம் உதவினார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் வேலை. அங்கிருந்துதான் கேம்பிரிட்ஜுக்குக் கடிதங்கள் போயின. பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு கணித அறிஞர்களிடம் பயன் இல்லை. மூன்றாவதாக எழுதியது ஹார்டி என்ற கணித அறிஞருக்கு, 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதம். நான் துறைமுக அலுவலகக் கணக்குப் பிரிவில் குமாஸ்தா என்றுதான் அது தொடங்குகிறது. உங்கள் கணக்குப்படி இவரும் ஆள் பிடித்தவர்தானே? அன்று அங்கே உங்களில் ஒருவர் இருந்திருந்தால் அந்த முதல் கடிதத்தோடு அவரைத் திருப்பி அனுப்பியிருப்பீர்கள்.

சிபாரிசு என்பது தேர்வையே இல்லாமல் செய்வது. அறிமுகம் என்பது தேர்வு எங்கே நடக்கிறது என்று காட்டுவது. அந்தப் பெண் மூன்றாவது முறையும் தேர்வு எழுதினாள். அதை அவளே சொல்லியிருக்கிறாள். நீங்கள் படிக்கவில்லை.

என் கதையைச் சொல்லாமல் இதைத் தாண்டிப் போக முடியவில்லை. எனக்கு அப்போது 24 வயது. ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலைக்கு எழுத்துத் தேர்வு. வராந்தாவில் பெஞ்சு போட்டு உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த பெண்ணுக்குப் பேனா எழுதவில்லை. கையில் கிறுக்கிக் கிறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் இரண்டு இருந்தது, ஒன்றைக் கொடுத்தேன். வெளியே வந்ததும் திருப்பிக் கொடுக்க வந்தவள், அழைப்புக் கடிதத்தின் பின்பக்கத்தில் தன் நம்பரை எழுதிக் கொடுத்தாள். இரண்டு பேருக்குமே வேலை கிடைக்கவில்லை.

எனக்கு அழுகை அடங்க இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாவது நாள் தேர்வு நடத்தியவருக்குக் கடிதம் எழுதினேன். வேலை கேட்கவில்லை. என் தாளில் என்ன பிழை என்று மட்டும் கேட்டேன். மூன்று வாரம் கழித்து ஓர் உறை வந்தது. உள்ளே என் விடைத்தாளே இருந்தது, பென்சில் குறிகளோடு. வல்லினம் மிக வேண்டிய இடங்களில் எல்லாம் ஒற்றை விட்டிருந்தேன். ஒவ்வொன்றையும் வட்டமிட்டிருந்தார். இரண்டாம் பக்கத்தின் ஓரத்தில் மட்டும் பொடி எழுத்தில் ஒரு வரி: "நீள வாக்கியத்தை உடைப்பது நன்றாக வருகிறது." அந்தத் தாளை நான் எத்தனை முறை எடுத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பென்சில் மங்கிவிட்டது, தாள் இன்னும் இருக்கிறது.

அந்த ஓர வரியை போனில் பேனாக்காரியிடம் சொன்னேன், சும்மா ஆற்றாமையில். அவ்வளவுதான். அதன் பிறகு எப்போதாவது ஒரு நலம் விசாரிப்பு. எட்டு மாதம் கழித்து அவளே கூப்பிட்டாள். "இங்க சப்டைட்டில் எழுத ஆள் தேடறாங்க. பெரிய வசனத்தை ரெண்டு வரிக்குள்ள உடைக்கத் தெரியணுமாம். உனக்கு அதான் வரும்னு அந்த சார் எழுதியிருந்தாருல்ல?" சப்டைட்டில் எழுதுவது ஒரு தொழில் என்றே எனக்கு அதுவரை தெரியாது. போனேன், தேர்வு வைத்தார்கள், எழுதினேன். 14 வருஷமாக அதுதான் என் தொழில்.

என்னை வேண்டாம் என்று சொன்ன தாளும், என்னோடு சேர்ந்து தோற்ற ஒருத்தியும் சேர்ந்துதான் எனக்கு வழி காட்டினார்கள். நான் பேனா கொடுத்தபோது எதிர்காலத்துக்குத் தொடர்பு வளர்க்கிறேன் என்று நினைத்தா கொடுத்தேன்?

இது என் ஒருத்திக்கு அடித்த அதிர்ஷ்டம் என்பீர்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் பாஸ்டன் பக்கத்தில் உள்ள நியூட்டனில், வேலை மாறியவர்களிடம் யார் மூலம் தகவல் கிடைத்தது என்று கேட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்த ஆளை அப்போது அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்த்தவர்கள் 55.6. வருஷத்துக்கு ஒருமுறையோ அதைவிடக் குறைவாகவோ பார்த்தவர்கள் 27.8. காரணம் எளிது. நம் நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஏற்கெனவே நமக்கும் தெரியும். தூரத்தில் இருப்பவருக்குத்தான் நாம் கேள்விப்படாத இடம் தெரியும். இந்தக் கருத்தை முன்வைத்த அவருடைய கட்டுரையின் முதல் வடிவம் 1969-இல் ஒரு சமூகவியல் இதழால் நிராகரிக்கப்பட்டது. திருத்தி எழுதி, வேறு இதழில் 1973-இல் வெளியிட்டார். சமூகவியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்று அது.

பழைய கதை என்று தள்ள வேண்டாம். 2022-இல் லிங்க்ட்இன் என்ற வேலைத் தொடர்புத் தளத்தில் 2 கோடி பேரை வைத்து 5 ஆண்டுகள் நடந்த பரிசோதனைகளின் முடிவு வந்தது. வேலை மாற உதவியதில் நெருக்கமான உறவை விட ஓரளவு தூரத்து அறிமுகமே முன்னால் நின்றது. சுத்தமாகத் தொடர்பே அற்ற அந்நியர் இல்லை, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவள் அளவுக்கு.

காத்தலின் கரிகோ என்ற உயிர்வேதியியல் விஞ்ஞானியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று உடல் செல்லுக்குச் சொல்லும் எம்.ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறு பற்றிய ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு விண்ணப்பித்து விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர். 1995-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கப்பட்டார். அப்புறமும் அங்கேயே இருந்தார். சில ஆண்டுகள் கழித்து ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் ட்ரூ வைஸ்மன் என்ற நோயெதிர்ப்பு ஆராய்ச்சியாளரோடு பேச்சு ஆரம்பித்தது. அவருக்கு எச்.ஐ.வி. தடுப்பூசி செய்ய ஆசை, இவர் எந்த எம்.ஆர்.என்.ஏ.வையும் என்னால் செய்து தர முடியும் என்றார். இருவரும் சேர்ந்து எழுதிய 2005-ஆம் ஆண்டுக் கட்டுரை கொரோனா தடுப்பூசிக்கு அடித்தளம் ஆனது, 2023-இல் இருவருக்கும் நோபல் பரிசு. ஜெராக்ஸ் எடுக்க வந்தவரிடம் வாய் திறந்து பேசியதற்காக அவர் திறமை குறைந்துவிட்டதா?

"ஜெயிச்சவங்க கதையை மட்டும் சொல்றீங்க" என்று ஒருவர் ஆரம்பிப்பார். சரி, தோற்றதையும் சொல்கிறேன். அந்த ஒரு கடிதத்துக்குப் பதில் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் நான் எழுதிய 11 பேரிடமிருந்து ஒரு வரி வரவில்லை. ஒருவர் இனி எழுத வேண்டாம் என்று எழுதினார், அதோடு நிறுத்திக்கொண்டேன். நிறுத்தச் சொன்ன பிறகும் எழுதினால் அது தொந்தரவு. விடாமுயற்சி என்று அதைச் சொல்ல மாட்டேன். கேட்டால் கிடைத்துவிடும் என்று எங்கேயும் நான் சொல்லவில்லை. கேட்கிறதைக் கேவலமாகப் பேசாதீர்கள் என்கிறேன்.

"தெரிந்தவர் மூலமாகவே ஆள் எடுத்தால் யாரையும் தெரியாதவன் எங்கே போவான்?" இது நியாயமான கேள்வி. நிறுவனங்கள் ரெஃபரலை மட்டும் நம்பினால் ஒரே மாதிரி ஆட்களே உள்ளே சேர்வார்கள், உண்மைதான். அந்தச் சண்டையை நிறுவனங்களோடு போடுங்கள், நானும் வருகிறேன். ஆனால் நேற்று நீங்கள் அடித்தது யாரை? யாரையும் தெரியாத ஒரு பெண்ணை. அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் அவளை நிராகரித்தவர். அவரிடமே போய்க் கேட்டாள்.

கூச்ச சுபாவம் உள்ளவர்கள் என்ன செய்வது என்கிறீர்களா? நானும் அப்படித்தான். அதனால்தான் கடிதம் எழுதினேன்.

பிறகு அந்தத் தன்மானப் பேச்சு. "மறுத்தவன் வாசலுக்கு மறுபடி போறது தன்மானம் இல்லாதவன் செய்யறது." இதை எழுதியவருக்கு முதல் வேலை எப்படிக் கிடைத்தது என்று எனக்குத் தெரியும். அவருடைய மாமா ஒரு போன் செய்தார். அதில் தப்பில்லை, அப்போதும் நான் தப்பு சொன்னதில்லை. ஆனால் உங்களுக்காக வீட்டில் யாரோ ஒருவர் வெட்கத்தை விட்டுக் கேட்டார். உங்கள் தன்மானம் கசங்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம். அவள் வீட்டில் போன் செய்ய யாரும் இல்லை. அவளுக்காக அவளே கேட்டாள். மாமா கேட்டால் குடும்பப் பாசம், பெண் தானாகக் கேட்டால் ஆள் பிடிப்பது. எந்த ஊர் நியாயம் இது?

எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்றால், அந்த சப்டைட்டில் வேலை கிடைத்த அன்று எங்கள் வீட்டிலேயே சித்தப்பா எல்லார் முன்னாலும், "யாரையோ பிடிச்சு உள்ள போயிட்டா" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். உறையில் வந்த அந்தத் தாள் அலமாரியில்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். எட்டு மாதம் தினமும் ஒரு பக்கம் எழுதி ஒற்றுப் பிழை திருத்திய நோட்டையும் காட்டியிருக்கலாம். வாயே வரவில்லை எனக்கு. நேற்று அவளுக்கு வந்த ஒவ்வொரு கமெண்டும் சித்தப்பா குரலில்தான் என் காதில் விழுந்தது.

அதை எழுதியவர்களில் இரண்டு பேர், யார் என்று சொல்ல மாட்டேன், முன்பு என் இன்பாக்ஸுக்கு வந்து வேலை விஷயமாக ஒரு நம்பர் கேட்டவர்கள். கொடுத்தேன். ஒருவருக்கு வேலையும் நடந்தது. அப்போது அது உங்களுக்குச் சிபாரிசாகத் தோன்றவில்லை.

காலையில் பார்த்தேன், அவள் பதிவை அழித்துவிட்டாள். மெசேஜ் போட்டுக் கேட்டால், "விடுங்கக்கா, நான் எழுதியிருக்கவே கூடாது" என்கிறாள். இரண்டு முறை வேண்டாம் என்று சொன்ன நிறுவனத்துக்கு மூன்றாவது முறை போனவள், உங்கள் பதினைந்து கமெண்டுக்கு ஒதுங்கிவிட்டாள்.

தங்கச்சி, இதைப் படிப்பாய் என்று தெரியும். அழித்ததைத் திரும்பப் போடு. முதல் கமெண்டாக என் பென்சில் தாளின் படத்தை நான் போடுகிறேன்.