ஒரே நிற எண், வேறு வேறு நீலம்

பேத்திக்குக் குரோஷாவில் போர்வை பின்னிக்கொண்டிருக்கிறேன். அடுத்த மாதம் மகள் வீட்டுக்குப் போகும்போது கையோடு கொண்டுபோக வேண்டும், டிக்கெட்கூட எடுத்தாயிற்று. நூல் தீர்ந்ததும் அதே கம்பெனி, அதே நிற எண் பார்த்து வாங்கிப் பின்னினால் இரண்டு வரிசையிலேயே பல்லிளிக்கிறது. பழையது இளநீலம், புதியது சாம்பல் பூத்த நீலம்! ஒவ்வொரு தடவை சாயம் தோய்க்கும்போதும் நிறம் கொஞ்சம் மாறுமாம்; அதற்கென்றே தனியாக ‘லாட்’ எண் போடுகிறார்கள். சரி, அதைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அச்சடித்தால் என்ன? லேபிள் மூலையில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. கடையில் கேட்டால், “துவைச்சா சரியாயிடும்மா” என்கிறார்கள். எப்படி ஆகும்? போர்வை நடுவில் கோடு விழுந்து நிற்கிறதே, அதைக் குழந்தைக்குப் போர்த்த எனக்கு மனசு வருமா? இப்போது பழைய லாட்டைத் தேடிக் கடை கடையாக அலைகிறேன்.