ஆறு ராத்திரிக்கு ரசீது இல்லை

மாசியில் ஊருக்குப் போனால் அப்பாவை வீட்டில் பார்க்க முடியாது. கொள்முதல் நிலையத்துக் களத்தில், நெல் குவியலுக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்திருப்பார். இந்த முறை ஆறு ராத்திரி. "லாரி வரலை தம்பி. அடுக்கிக் கெடக்குற மூட்டையை எடுத்தாத்தான் நம்மளுத அளப்பாங்க" என்றார். தார்ப்பாயைத் தூக்கிக் குவியலுக்குள் கையை விட்டேன். சுட்டது. ஈர நெல் மூச்சு விடும், புழுங்கும், அப்புறம் முளைக்கும்.

நான் பிழைப்பது ஒரகடம் பக்கம், கார் உதிரிபாகக் கிடங்கில். எந்த லாரி எத்தனை மணிக்கு எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று முதல் நாளே எழுதி வைப்பதுதான் வேலை. ஒரு வண்டி ஒரு மணி நேரம் தாமதமானால் மூன்று பேர் போன் செய்வார்கள். இங்கே நாலு நாளாக வண்டி இல்லை, கேட்க நாதியில்லை.

நெல் முளைத்த படம் பேப்பரில் வந்தால் எல்லோரும் சொல்வது, "கிடங்கு கட்டுங்கள்". கட்டட்டும், தாராளமாக. ஆனால் ஒரு நிலையம் நாளைக்கு ஆயிரம் மூட்டை பிடிக்கிறது என்று வையுங்கள். மூட்டை 40 கிலோ, ஆக 40 டன். மறுநாளே கிளம்பினால் களத்தில் ஆயிரம் மூட்டைதான் கிடக்கும். பத்து நாள் தங்கினால் பத்தாயிரம். விளைச்சல் ஒரு நெல்மணி கூடவில்லை, தங்கும் நாள்தான் கூடியது. வரும் வேகத்தைத் தங்கும் காலத்தால் பெருக்கினால் இருப்பு. ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-ல் நிரூபித்தது, எங்கள் தொழிலின் அரிச்சுவடி. பத்தாயிரம் மூட்டைக்குக் கொட்டகை போட்டால் அதற்குள்ளும் பத்து நாள் தூங்க வைப்போம்.

சரி, லாரி எங்கே போகிறது? அன்று மாலை வந்த ஓட்டுநரிடம் கேட்டேன். முந்தின லோடை இறக்க, திறந்தவெளிச் சேமிப்பு மைதானத்து வாசலில் ஒன்றரை நாள் நின்றாராம். லாரிக்குப் பஞ்சமில்லை, வரிசையில் நிற்கிறது! ரயிலுக்கு நெல் கொண்டுபோகவும் இதே லாரிகள்தான். நீடாமங்கலத்தில் அரவைக்கு நெல் ஏற்றும் சரக்கு ரயில் ஒன்றுக்குச் சுமார் 2,000 டன், அதாவது 50,000 மூட்டை. லாரிக்கு 16 டன் என்றால் 125 நடை. அவ்வளவு நடையை ஒரே தடத்தில் விட்டால் சுற்றுவட்ட ஊர்க் களமெல்லாம் காத்துத்தான் கிடக்கும். (அந்த ஊர் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்ளாத டெல்டாக்காரர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள்.) இறக்கும் இடத்தில் வண்டிக்கு நேரம் ஒதுக்கி, ராத்திரியும் இறக்க ஆள் போட்டாலே அதே லாரி இன்னொரு நடை அடிக்கும். செங்கல் சிமெண்டை விட இது மலிவு.

இன்னொன்றும் மாறிப்போச்சு. அரிவாள் அறுப்புக் காலத்தில் நெல் கதிரடித்து, காய்ந்து, பத்தாயத்தில் கொஞ்ச நாள் படுத்துவிட்டு மெல்லத்தான் வெளியே வரும். வீட்டுக்கு வீடு நின்ற பத்தாயம்தான் டெல்டாவின் உண்மையான கிடங்கு. பாபநாசம் பக்கம் திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியத்தைப் போய்ப் பாருங்கள், சேமிப்பை எவ்வளவு பெரிதாக யோசித்திருக்கிறார்கள் என்று தெரியும். இப்போது மிஷின் இறங்கினால் காலையில் வயலில் நின்றது சாயங்காலம் களத்தில், பச்சையாக. எங்கள் வீட்டுப் பத்தாயத்தில் பழைய பாத்திரம் கிடக்கிறது.

எனக்கு ஆத்திரமெல்லாம் வேறு ஒன்றில். அளந்து தைத்த மூட்டைக்குப் பதிவேடு உண்டு. அளக்காத குவியலுக்கு? எங்கள் கிடங்கு வாசலில் நிற்கும் வண்டியைக்கூட எண்ணுவோம். இங்கே எத்தனை குவியல், எத்தனை நாளாக என்று எழுத ஒரு கட்டம்கூட இல்லை. எழுதாததற்கு மேலே இருப்பவர் எப்படி லாரி அனுப்புவார்? தினம் சாயங்காலம் ஒவ்வொரு நிலையமும் இந்த ஒரு எண்ணை அனுப்பட்டும், அது போதும் முதலில்.

ஏழாம் நாள் அளந்தார்கள். நடுவில் பெய்த பனிக்கு ஈரப்பதம் வரம்பான 17 சதவீதத்தைத் தாண்டி, அப்பா மறுபடி பரப்பிக் காய வைத்த பிறகு. ரசீதை வாங்கிப் பார்த்தேன். அன்றைய தேதிதான் போட்டிருந்தது.