காலுக்குச் சிலை, ஆளுக்குப் பெயரில்லை

நியூயார்க் மாநிலத்தில் சரடோகா என்று ஒரு பழைய போர்க்களம் இருக்கிறது. அங்கே ஒரு நினைவுக்கல். அதில் முகமும் கிடையாது, ஆளும் கிடையாது. ஒரு பீரங்கியையும் ஒரு பூட்ஸையும்தான் செதுக்கியிருக்கிறார்கள். பின்பக்கத்தில், கான்டினென்டல் படையின் (பிரிட்டனிடமிருந்து விடுதலை பெறப் போரிட்ட அமெரிக்கப் படை) ஆகத் திறமையான வீரர் இந்த இடத்தில் படுகாயம் அடைந்தார் என்று எழுதியிருக்கிறது. எந்த வீரர்? பெயரைப் போடவில்லை. 1887இல் கல் நட்டவர் தன் பெயரைப் பொறித்துக்கொண்டார், காயம்பட்டவரின் பெயரை விட்டுவிட்டார்.

அந்தக் கால் பெனடிக்ட் ஆர்னால்டுடையது. எட்டப்பன் என்ற பெயரை நாம் வசைச்சொல்லாகவே ஆக்கி வைத்திருக்கிறோமே, அமெரிக்கர்களுக்கு ஆர்னால்ட் அப்படி. ஆனால் இந்த ஆள் துரோகியாவதற்கு முன்னால் செய்ததைப் படித்தால் தலை சுற்றும். 1775இல் சுமார் 1,100 பேரைக் கூட்டிக்கொண்டு மெய்ன் காடுகளின் வழியாக, பிரிட்டிஷார் வசமிருந்த கியூபெக் நகரைப் பிடிக்கப் புறப்பட்டார். வழியில் சோறு தீர்ந்து, நாயைத் தின்று, தோல் செருப்பைக் கூட வேகவைத்துத் தின்று, கடைசியில் போய்ச் சேர்ந்தவர்கள் சுமார் 600 பேர். அந்த வருஷத்தின் கடைசி நாள், பனிப்புயலுக்கு நடுவே நகரைத் தாக்கினார்கள். தோல்வி. ஆர்னால்டின் இடது காலில் குண்டு.

அப்புறம் 1777 அக்டோபர் 7, சரடோகா. மேலதிகாரி கேட்ஸோடு சண்டை போட்டதில் ஆர்னால்டிடம் படைப்பொறுப்பே இல்லை. கூடாரத்தில் சும்மா உட்கார வேண்டிய ஆள். பீரங்கிச் சத்தம் கேட்டதும் பொறுக்க முடியாமல் குதிரையில் ஏறிக் களத்துக்குள் பாய்ந்துவிட்டார். யாரும் அனுப்பவில்லை. பிரிட்டிஷாரின் அரண் ஒன்று விழுகிற நேரத்தில் மறுபடியும் அதே இடது காலில் குண்டு. குதிரையும் சாய்ந்தது. பத்து நாளில் பிரிட்டிஷ் தளபதி பர்கோய்ன் முழுப் படையோடு சரணடைந்தார். அடுத்த பிப்ரவரியில் பிரான்ஸ் அமெரிக்காவோடு கைகோத்தது. காலை வெட்டச் சம்மதிக்காத ஆர்னால்ட் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து, இரண்டு அங்குலம் குட்டையாகிப்போன காலோடு எழுந்தார்.

இப்படிப்பட்டவர் மூன்றே வருஷத்தில் வெஸ்ட் பாயின்ட் கோட்டையை எதிரிக்கு விற்க ஒப்புக்கொள்கிறார். ஏன்?

வழக்கமாகச் சொல்கிற பதில்கள் தெரியும். கடன் என்பார்கள். உண்மைதான், பிலடெல்பியாவில் ராணுவ ஆளுநராக இருந்தபோது கைக்கு மீறி ஆடம்பரமாக வாழ்ந்தார். மனைவி என்பார்கள். 38 வயதில் 18 வயது பெகி ஷிப்பனைக் கல்யாணம் செய்தார், பிரிட்டிஷ் உளவு அதிகாரி ஜான் ஆண்ட்ரே அவளுக்கு முன்பே பழக்கம். பிற்காலத்தில் பிரிட்டிஷ் தலைமைத் தளபதி கிளின்டனின் ஆவணங்கள் வெளிவந்தபோது அவளுக்கும் சதியில் பங்கு இருந்தது தெரிந்தது. ஆனாலும் எல்லாப் பழியையும் பெண்ணின் தலையில் கட்டிவிட்டு ஆணைக் காப்பாற்றுகிற பழைய வித்தை எனக்குப் பிடிக்காது. பிரான்ஸ் கூட்டணி பிடிக்கவில்லை, கொள்கைக்காகத்தான் மாறினேன் என்று ஆர்னால்டே பிறகு அறிக்கை விட்டார். கொள்கைக்காக மாறுகிறவர் எதற்கு விலை பேச வேண்டும்? அதோடு அந்த வாதம் முடிந்தது.

ரொம்ப நாளாக நான் நம்பிக்கொண்டிருந்தது நான்காவது பதில். அவரை அவமானப்படுத்தினார்கள், மனம் உடைந்து போனார் என்பது. அவமானங்கள் பொய்யில்லை. 1777 பிப்ரவரியில் காங்கிரஸ் (அன்றைய அமெரிக்க மாநிலங்களின் கூட்டு மன்றம்), அவருக்குக் கீழே இருந்த ஐந்து பேரை அவரைத் தாண்டி மேஜர் ஜெனரலாக உயர்த்தியது. எந்த மாநிலத்துக்கு எத்தனை பதவி என்ற பங்கீடு. கனெக்டிகட்டுக்கு ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள், ஆர்னால்ட் கனெக்டிகட்காரர், சரி போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். கியூபெக் பயணத்துக்குச் சொந்தப் பணத்தைப் போட்டிருந்தார், கணக்குத் தாள்கள் பிறகு சாம்ப்லைன் ஏரியில் நடந்த சண்டையில் எரிந்த கப்பலோடு போயின. முடிவில் அரசாங்கமே கணக்குப் பார்த்து, நீர்தான் எங்களுக்கு ஏறக்குறைய 1,000 பவுண்டு தர வேண்டும் என்றது. பென்சில்வேனியா மாநிலத் தலைவர் ஜோசப் ரீட் குற்றச்சாட்டு அடுக்கினார். ராணுவ நீதிமன்றம் இரண்டு சின்ன விஷயங்களில் தவறு கண்டது. 1780 ஏப்ரலில் அமெரிக்கப் படையின் தலைமைத் தளபதி வாஷிங்டன் எழுத்தில் கண்டித்தார். அந்தக் கண்டிப்பைத் தாங்க முடியாமல்தான் எதிரியிடம் போனார் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள்.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்த அன்றைக்குத்தான் என் அனுதாபம் ஆட்டம் கண்டது. 1779 மே 5ஆம் தேதி ஆர்னால்ட் வாஷிங்டனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். சொத்தையும் ரத்தத்தையும் கொடுத்தேன், நாட்டுக்காக ஊனமானேன், இந்த நன்றிகெட்ட கைம்மாறை எதிர்பார்க்கவில்லை என்கிற தொனியில். படித்தால் மனசு கரையும். அதே மாதத்தில், ஸ்டான்ஸ்பரி என்ற வியாபாரி மூலமாக நியூயார்க்கில் இருந்த பிரிட்டிஷாருக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். நீதிமன்றம் இன்னும் கூடவே இல்லை. கண்டிப்பு வர ஒரு வருஷம் இருக்கிறது. ஒரு கையில் வாஷிங்டனுக்கு மனு, இன்னொரு கையில் எதிரிக்கு விலைப்பட்டியல்.

அதுவும் அவமானம் அவருக்கு மட்டுமா நடந்தது? ஜான் ஸ்டார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதே 1777 தொடக்கத்தில் அவரைத் தாண்டி இன்னொருவருக்குப் பதவி கொடுத்தார்கள். மனுஷன் ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு நியூ ஹாம்ப்ஷயருக்கு, வீட்டுக்குப் போய்விட்டார். ஆகஸ்டில் எதிரி பக்கத்தில் வந்தபோது, உங்கள் கான்டினென்டல் தளபதிகள் யாருடைய உத்தரவுக்கும் கட்டுப்பட மாட்டேன் என்ற நிபந்தனையோடு மாநிலப் படையைக் கூட்டிக்கொண்டு போய் பென்னிங்டனில் ஜெயித்தார். கோபம் போகவே இல்லை, பாருங்கள். கோபத்தோடேதான் சண்டை போட்டார். டேனியல் மார்கன் கியூபெக் பனியில் ஆர்னால்டோடு கூட நின்றவர். 1779இல் தனக்கு வர வேண்டிய பொறுப்பு வேறொருவருக்குப் போனதும் வெறுத்துப்போய்ப் பண்ணைக்குத் திரும்பினார். அடுத்த வருஷம் கேம்டனில் தன் தரப்பு அடிவாங்கிய செய்தி வந்ததும் கிளம்பி வந்தார், கவ்பென்ஸில் பிரிட்டிஷ் படையை நொறுக்கினார்.

ஆக, அவமானம் ஒரு அதிகாரியை வீட்டுக்கு அனுப்பும். அது எனக்குப் புரிகிறது. எதிரி வீட்டுக் கதவைத் தட்ட வைக்க அது போதாது. அதற்கு வேறொன்று வேண்டும். ஆர்னால்டிடம் அது இருந்தது என்று நினைக்கிறேன். சண்டைக்கு வருமுன் நியூ ஹேவனில் மருந்துக்கடை வைத்திருந்தவர், கப்பல் வியாபாரம் செய்தவர். வியாபாரம் செய்வது தப்பில்லை. ஆனால் தன் வீரத்தையும் அவர் பற்று வரவில் எழுதிவிட்டார். கியூபெக்கில் இவ்வளவு, சரடோகாவில் இவ்வளவு, காலுக்கு இவ்வளவு, எல்லாம் நாடு எனக்குத் தர வேண்டிய பாக்கி. கொடுத்ததைத் தியாகம் என்று நினைக்கிறவன் திரும்ப வராவிட்டால் வருத்தப்படுவான். கடன் என்று நினைக்கிறவன் வசூலிக்கக் கிளம்புவான், யாரிடமிருந்து வசூலானாலும் சரி. உத்தரவு இல்லாமல் களத்தில் பாய்ந்தபோதும், கோட்டையை விற்கத் துணிந்தபோதும் முடிவெடுத்தது ஒரே மனசுதான். எனக்குத் தெரியும், எனக்கு உரிமை உண்டு, கேட்க நீங்கள் யார். முதல் தடவை அது நாட்டுக்கு லாபமாக முடிந்தது, நாம் வீரம் என்கிறோம்.

இதை நான் உறுதியாகச் சொல்லக் காரணம், 1780 கோடையில் அவருக்கு ஒரு வழி திறந்தது. வாஷிங்டன் தன் படையின் இடது பிரிவையே உமக்குத் தருகிறேன் என்றார். அவமானம்தான் நோய் என்றால் அதைவிட மருந்து கிடையாது. ஆர்னால்ட் கால் வலியைக் காரணம் காட்டி மறுத்தார். வெஸ்ட் பாயின்ட்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார், ஆகஸ்டில் வாங்கியும் விட்டார். பிரிட்டிஷாரிடம் அதற்கு ஏற்கெனவே பேரம் நடந்துகொண்டிருந்தது. கோட்டை கைக்கு வந்தால் 20,000 பவுண்டு, வராவிட்டாலும் 10,000 வேண்டும் என்றார். பிரிட்டிஷ் தலைமைத் தளபதி கிளின்டன் 20,000க்குச் சரி என்றார். தோற்றால் 6,000தான் என்றார்.

தோற்றது. செப்டம்பர் 23ஆம் தேதி, ஆர்னால்டைச் சந்தித்துவிட்டுச் சாதாரண உடையில் திரும்பிக்கொண்டிருந்த ஆண்ட்ரேயை டாரிடவுன் அருகே மூன்று உள்ளூர்ப் படைக்காரர்கள் மறித்தார்கள். அவர்களைத் தன் தரப்பு என்று நினைத்து, நான் பிரிட்டிஷ் அதிகாரி என்று அவனே வாயைக் கொடுத்துவிட்டான். காலுறைக்குள் கோட்டைத் தாள்கள். இரண்டு நாள் கழித்துக் காலைச் சாப்பாட்டில் இருந்த ஆர்னால்டுக்குத் தகவல் வந்தது. மாடிக்குப் போய் மனைவியிடம் சொல்லிவிட்டு, படகேறி ஆற்றில் நின்ற பிரிட்டிஷ் கப்பலுக்குத் தப்பிவிட்டார்.

அடுத்த ஜனவரியில் நடந்ததையும் பக்கத்தில் வைக்க வேண்டும். சம்பளம் இல்லை, துணி இல்லை என்று பென்சில்வேனியாப் படைச் சிப்பாய்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கலகம் செய்து பிலடெல்பியா பக்கம் நடந்தார்கள். இதுதான் சமயம் என்று கிளின்டன் தூதர்களை அனுப்பினார். எங்களிடம் வாருங்கள், பாக்கிச் சம்பளம் தருகிறோம், மன்னிப்பும் தருகிறோம். சிப்பாய்கள் அந்த இருவரையும் பிடித்துத் தங்கள் அதிகாரிகளிடமே ஒப்படைத்தார்கள். இருவரையும் தூக்கில் போட்டார்கள். பிடித்துக் கொடுத்ததற்கு வெகுமதி வந்தபோது அதையும் வேண்டாம் என்றுவிட்டார்கள். இவர்களுக்கும் நாடு பாக்கி வைத்திருந்தது, பசிக்கிற வயிற்றுக்குரிய பாக்கி. இவர்களுக்கு நினைவுக்கல் இருக்கிறதா என்று தேடினேன், பூட்ஸ் மாதிரி எதுவும் என் கண்ணில் படவில்லை.

ஆண்ட்ரேயை அக்டோபர் 2ஆம் தேதி டாப்பனில் தூக்கிலிட்டார்கள். அக்டோபர் 18, நியூயார்க்கில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு ஆர்னால்ட் கிளின்டனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். 6,000 போதாது, 10,000 கேட்டேனே, அது நியாயமான தொகைதான். இதை என்னோடு பேசியபோது மேஜர் ஆண்ட்ரேயே ஒப்புக்கொண்டார் என்று எழுதுகிறார். புதைத்துப் பதினாறு நாள் ஆனவனைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார், மிச்சம் 4,000க்காக.

கிளின்டன் அந்த 4,000த்தைக் கொடுக்கவில்லை.